முன்பணமாக வந்து சேரும் வறட்சி

மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா, கலாஹாண்டி மாவட்டங்களில் பெரும்பகுதி நிலம் மானாவாரி. பருவமழை பிந்தினாலும், பெய்து நடுவில் இரண்டு மூன்று வாரம் நின்றுபோனாலும் நெல் கருகிவிடும். 1965ஆம் ஆண்டின் கொடும் வறட்சிக்குப் பின் பிழைப்புத் தேடி வெளியேறுவது இங்கே வழக்கமாகிவிட்டது. பருவநிலை மாற்றம் அந்த வழக்கத்தை இறுக்கிவருகிறது. மழை நாள்கள் குறைந்து, பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதால் நல்ல விளைச்சல் எப்போது வரும் என்று எவராலும் கணிக்க முடிவதில்லை.

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் புதுநெல் படைக்கும் நுவாகாய் திருநாள் வரும். அதையொட்டி, சர்தார் எனப்படும் தரகர்கள் கிராமங்களுக்குள் முன்பணத்தோடு நுழைகிறார்கள். பழைய கடன், வைத்தியச் செலவு, மகள் கல்யாணம் என்று அந்தப் பணம் வந்த வேகத்தில் கரைகிறது. சில வாரங்களில் குடும்பமே ரயிலேறித் தெலங்கானா, ஆந்திரம், தமிழ்நாட்டின் திருவள்ளூர் என்று செங்கல் சூளைகளுக்குப் போகிறது.

சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மண்ணை ஊறவைத்து, மிதித்துப் பிசைந்து, அச்சில் அறுத்து, வெயிலில் காயப்போட வேண்டும். கணவன், மனைவி, பிள்ளை மூவரும் பாடுபட்டாலும் கணக்கு ஒன்றுதான். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க நள்ளிரவு தாண்டியதுமே எழுந்துகொள்கிறார்கள். கோடையில் திடீர் மழை அடித்தால் காயாத பச்சைக்கல் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். பல சூளைகளில் அந்தக் கல்லுக்குக் கூலி கிடையாது. களம் காயும்வரை வேலையும் இல்லை. அந்த நாள்களின் சாப்பாட்டுச் செலவு முன்பணக் கணக்கில் ஏறுகிறது. ஊரில் பெய்யாத மழை கடன்காரராக்கியது. சூளையில் காலம் தப்பிப் பெய்யும் மழை அந்தக் கடனை நீட்டுகிறது. மழையின் நட்டம் முதலாளியின் கணக்கில் விழாமல் தொழிலாளியின் தலையில் விழுவதுதான் இதில் பெரிய அநியாயம்.

கடன் தீரும்வரை வெளியேற முடியாது என்றால் அது கொத்தடிமைத்தனம். 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்துவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இருந்தும் 2011இல் திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த 500க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். 2013 டிசம்பரில், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வர மறுத்த கலாஹாண்டிக்காரர்கள் இருவரின் வலது கைகளைத் தரகர்கள் வெட்டினார்கள்.

சூளை, பருவநிலை மாற்றத்தால் துரத்தப்பட்டவர்கள் வந்து சேரும் இடம் மட்டுமல்ல. அந்த மாற்றத்தை உண்டாக்கும் இடமும்கூட. செங்கல் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் இந்தியாவில் சூளைகள் பெருமளவு நிலக்கரியை எரிக்கின்றன. வளமான மேல்மண்ணையும் விழுங்குகின்றன. உழைப்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்வரை, குறைந்த கரியில் கல் சுடும் புதிய முறைகளுக்குச் செலவழிக்க முதலாளிகளுக்கு அவசரம் இருக்காது. அடிமை உழைப்பு ஆய்வாளர் கெவின் பேல்ஸ் 2016இல் வெளியிட்ட நூலில் இந்தத் தொடர்பை உலக அளவில் கணக்கிட்டார். காடழிப்பு, சூளை போன்ற அடிமை உழைப்புத் தொழில்கள் எல்லாவற்றையும் ஒரு நாடாக எண்ணினால், கரியமில வாயு வெளியேற்றத்தில் அது சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து மூன்றாவதாக நிற்கும் என்பது அவர் மதிப்பீடு.

கம்போடியாவிலும் இதே கதைதான். மழை பொய்த்து நுண்கடனில் மூழ்கிய விவசாயிகளின் கடனைப் புனோம் பென் சுற்றுவட்டாரச் சூளை முதலாளிகள் வாங்கிக்கொள்வதை, லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2018இல் பதிவுசெய்தார்கள். அங்கே சில சூளைகளில் எரிபொருள், ஆயத்த ஆடை ஆலைகளின் கழிவுத்துணி.

நிவாரணம் முன்பணத்தை முந்திக்கொண்டு வராதவரை இந்தச் சங்கிலி அறாது. வறட்சி அறிவிப்பு, பயிர்க்காப்பீடு எல்லாம் ஆய்வு, அறிக்கை என்று மாதக்கணக்கில் நகர்கின்றன. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் 15 நாளில் கூலி என்று வகுத்தது. கூலி பலமுறை பிந்தியே வந்தது. சர்தாரின் பணமோ அன்றைக்கே கைக்கு வருகிறது. மீட்கப்பட்ட பிறகும் நிலைமை அதிகம் மாறுவதில்லை. 1.84 கோடிக் கொத்தடிமைகளை 2030க்குள் விடுவிப்பதாக 2016இல் மத்திய அரசு அறிவித்தது. அதே ஆண்டு வந்த மறுவாழ்வுத் திட்டம் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை தருவதாகச் சொன்னாலும், முதலாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் முழுத்தொகையும் என்று முடிச்சுப் போட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உடனடி உதவியோ சில பத்தாயிரம்தான். அந்த முடிச்சை அவிழ்த்து, விடுதலைச் சான்று கொடுக்கும் நாளிலேயே முழுத்தொகையையும் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மீட்கப்பட்டவரே மறுபருவத்தில் இன்னொரு சர்தாரிடம் கைநீட்டுவார்.