தள்ளுபடியும் வட்டியும்

ஆறு மாதச் சரக்கை ஒரேயடியாக வாங்கினால் இரண்டு விழுக்காடு தள்ளுபடி என்றதும் மகிழும் வணிகர் பலர். மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்குச் சரக்கு தேவைப்படும் கடையை எடுத்துக்கொள்வோம். தள்ளுபடி ரூ.12,000. ஆனால் மாதந்தோறும் வாங்கியபோது சராசரியாக ரூ.50,000 அளவில் நின்ற இருப்பு, இப்போது ஏறத்தாழ மூன்று லட்சமாகிவிடும். ரொக்கக் கடனுக்கு ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனில், கூடுதல் இருப்புக்கான அரையாண்டு வட்டியே ரூ.12,000-ஐத் தாண்டும். கிடங்கு வாடகை, ஈரம், எலி, காலாவதி ஆகியவை தனி. வட்டி வாங்கும் வங்கியின் இதழிலேயே இதை எழுதலாமா எனில், சரக்கு முடங்கிக் கடன் நிலுவையாவதில் வங்கிக்கும் ஆதாயமில்லை.

1913-இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் வகுத்த சூத்திரப்படி, ஒவ்வொரு கொள்முதலுக்கும் ஆகும் செலவு கால் பங்காகக் குறைந்தால், ஒரு தடவை வாங்கும் அளவு பாதியாக வேண்டும். மொத்த வணிகரைக் காண ரயிலேறிய காலம் போய், கைப்பேசியில் சொல்லி யுபிஐ வழியே பணம் செலுத்துகிறோம். லாரி வாடகை குறையவில்லை என்பது மெய்யே; அதை அண்டைக் கடையாருடன் பகிர்ந்துகொள்ளலாம். கொள்முதல் அளவை மட்டும் தந்தையார் காலத்துக் கணக்கிலேயே வைத்திருப்பானேன்?