சொறி மீனாகுமா?



ஜெல்லி மீன், நட்சத்திர மீன் என்று பாடநூல்களில் படிக்கிறோம். இரண்டும் மீனல்ல, முதுகெலும்பே இல்லாதவை. நம் பரதவர் முன்னதைச் சொறி என்றே அழைப்பர். பிழை அவர் நாவில் இல்லை. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்ததில் இருக்கிறது.

மரைன் ஹில்லிலிருந்து நாம் காணும் அந்தமான் கடலின் மீன்களைப் பற்றி 1870-இல் எழுதியவர் பிரான்சிஸ் டே. 1875–78-இல் வெளிவந்த அவரது இந்திய மீன்கள் நூலில் அறிவியற் பெயரோடு தமிழ்ப் பெயர்களும் உண்டு. அயலார் மதித்ததை நாம் மறக்கலாமா?

தாடையற்றவை, குருத்தெலும்பு மீன்கள், எலும்பு மீன்கள் என அறிவியல் பகுக்கிறது. சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பினம். வஞ்சிரமும் பாரையும் எலும்பினம். ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன தகட்டுத்தோல் மீன்களுக்கு நாம்தான் பெயர் ஆக்க வேண்டும். வாழும் மீன்களுக்கோ கரையிலேயே பெயர் இருக்கிறது. கேட்டு எழுதுவோம் என்பதே என் வேண்டுகோள்.