சருகு மரத்துக்குச் சொந்தம்

மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர்கள் வீதி சுற்றி முடிந்த கையோடு வெயில் ஏறத் தொடங்கிவிடும். அதிலிருந்து சித்திரை வருஷப் பிறப்பு வரைக்கும் உக்குவளை தொட்டு இரத்தோட்டை வரை பின்னேரங்களில் வளவுக்கு வளவு புகைதான். பலா இலை, மா இலை, கொக்கோ இலை, மிளகுக் கொடியைத் தாங்கி நிற்கும் கிளிரிசிடியா உதிர்த்த இலை எல்லாவற்றையும் ஈர்க்குமாற்றால் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறோம். வருஷம் பிறக்கிறபோது முற்றம் துப்புரவாக இருக்க வேண்டும், எனக்கும் அது பிடிக்கும். முற்றத்தைக் கூட்டுங்கள், கோலம் போடுங்கள். கூட்டிய சருகை மட்டும் எரிக்காமல் மரத்தடிக்குக் கொண்டு போங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர். அம்மா கொழுந்து பறித்தவர். மண்ணை மூடி வைக்கும் வேலையை நம் சனங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவதற்கு முன்னால் அந்த மலையில் மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்த்து, ஒன்றரை இரண்டு வருஷம் மண்ணைத் தேற்றுவார்கள். வளர்ந்த புல்லை அறுத்து அந்த நிலத்திலேயே பரப்புவார்கள். கன்று நட்ட பிறகும் அதன் அடியில் புல்தான் கிடக்கும். அறுத்ததும் சுமந்ததும் பரப்பியதும் நம் ஆட்களின் கைகள். கவ்வாத்து வெட்டிய மலையில் சிறு வாதுகளையும் இலையையும் அங்கேயே விட்டால்தான் அடுத்த கொழுந்து நன்றாக வரும் என்று அப்பா சொல்வார். விறகுக்குத் தடித்த வாதை மட்டும்தான் கட்டி வருவார்.

அதே தோட்டங்கள் இன்னொரு பழக்கத்தையும் நமக்குள் ஊட்டிவிட்டன. கோப்பிக் காலத்திலும் தேயிலை வந்த பிறகும் வெகுகாலம் துரைமாருக்கு மலை ஒரு புல்கூட இல்லாமல் துடைத்த மாதிரி இருக்க வேண்டும். அதற்குச் சுரண்டி என்ற கருவி. புல்லோடு சேர்த்து மேல்மண்ணையும் வழித்தெடுத்தது அது. அடுத்த மழையில் மலையின் நல்ல மண் ஆற்றுக்குப் போயிற்று. அவ்வளவு மண் போன பிறகே அந்த முறையை விடச் சொன்னார்கள். மலையில் அது குறைந்தாலும், வெறும் மண் தெரிந்தால்தான் துப்புரவு என்ற எண்ணம் நம் வளவுகளில் இன்னும் போகவில்லை.

எங்கள் வளவு கால் ஏக்கர், சரிவு நிலம். இரண்டு தோடை, ஓர் ஆனைக்கொய்யா, ரம்புட்டான், அன்னமுன்னா, எலுமிச்சை, ஓரத்தில் வாழை, சமையலறைக்குப் பின்னால் கீரைக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்திகள். மாத்தளையில் பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் நிற்கும். மாசி, பங்குனியில் காய்ந்து, சித்திரையில் கொஞ்சம் பெய்து, ஆடி ஆவணியில் திரும்பவும் காயும். ஆகவே சருகைப் பரப்பி மூடாக்குப் போடும் காலம் மார்கழிக் கடைசியும் தையும். மண் நனைந்திருக்கும்போது போட்டால் அந்த ஈரத்தை அது காத்துக் கொடுக்கும். பங்குனியில் காய்ந்து வெடித்த மண்ணின் மேல் போட்டால், இடையில் வரும் சிறு தூறலைச் சருகே குடித்துவிடும். வேருக்கு ஒன்றும் இறங்காது. அப்போது போடுவதானால் முதலில் நன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போட வேண்டும்.

எங்கே போடுவது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். தண்டை ஒட்டிக் குவிக்கிறார்கள். ஈரச் சருகு பட்டையில் ஒட்டிக் கிடந்தால் தோடைக்கும் பப்பாசிக்கும் அடித்தண்டு அழுகும், கறையானும் ஏறும். மரம் தண்ணீர் குடிப்பது தண்டுக்குப் பக்கத்தில் இல்லை. கிளை விரிந்த எல்லைக்குக் கீழே ஓடும் மெல்லிய வேர்களால்தான். தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு, கிளை நுனி நிழல் விழும் இடம் வரைக்கும் வட்டமாக நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். சரிவில் மரத்தின் கீழ்ப்பக்கம் வாழைத் தண்டையோ கிளிரிசிடியாக் கொம்பையோ குறுக்கே கிடத்தினால் சருகு வழுக்கிப் போகாது. தென்னையின் கீழ் பொச்சுமட்டை அடுக்குகிறவர்கள் குழிப்பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து அடுக்க வேண்டும். மல்லாந்து கிடக்கும் மட்டையில் தண்ணீர் தேங்கினால் அது டெங்கு நுளம்புக்குத் தொட்டில்.

பாத்திக்கு முழு இலை சரிவராது. வைக்கோலும் நறுக்கிய வாழைச் சருகும் நல்லது. மர ஆலையிலிருந்து வரும் புது மரத்தூளை மண்ணோடு கலந்துவிட்டால் அது உக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தைத்தான் எடுக்கும். கீரை மஞ்சளித்து நிற்கும். மேலே மெல்லியதாகத் தூவி, கூடவே பச்சைக் கிளிரிசிடியா இலையும் போட்டால் அந்தக் குறை வராது. அந்த இலையில் தழைச்சத்து நிறைய உண்டு. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005 இல் அரசாங்கம் அறிவித்த மரம் இது. மாத்தளையில் வேலியெல்லாம், மிளகுத் தோட்டமெல்லாம் இதுதான். ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் நம் மாத்தளையிலேயே இருக்கிறது. மிளகின் வேர் மேலாக ஓடுவது, வறட்சிக்கு முன் அடிமண்ணை மூட வேண்டும் என்று அங்கிருந்து வருகிறவர்கள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார்கள். வெட்டிய கொம்பின் இலையை வேலியோரத்தில் காயவிட்டு எரிக்கிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

பக்கத்து வளவுத் தம்பி, “டீச்சர், சருகு கிடந்தால் பாம்பு வராதா? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டைச் சுற்றி, பிள்ளைகள் நடமாடும் இடமெல்லாம் கூட்டித் துப்புரவாக வையுங்கள், மரத்தடியில் மேடாகக் குவிக்காமல் பரப்புங்கள், சருகுக்குள் வெறுங்கையை விடாமல் குச்சியால் கிளறிப் பாருங்கள் என்றேன். பெரிய ஆபிரிக்க நத்தைகளும் சருகுக்குள் தங்கத்தான் செய்யும். மழைக்காலத்தில் நாற்றுப் பாத்தியைச் சுற்றி ஒரு முழம் வெறுமையாக விட்டு, இருட்டியதும் பொறுக்கி அழிக்கிறோம். மண்புழு பெருகினால் காட்டுப்பன்றி கிளற வரும். இவ்வளவு தொல்லையும் உண்டுதான். ஆனாலும் பங்குனி மாதம் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கும்போது, மூடாக்குப் போட்ட தோடைக்கு வாளி சுமக்கும் வேலை பாதியாகக் குறைகிறது. அந்த வாளியைச் சுமக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தும் நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை விழுந்தது. அந்தத் தோல்வியைக் காட்டி, இலைதழை எல்லாம் வெறும் பேச்சு என்று இப்போது பலர் சொல்கிறார்கள். அது தவறு. வருஷக்கணக்காக வெறுமையாகக் கிடந்த மண்ணிடம் ஒரு போகத்துக்குள் எல்லாவற்றையும் கேட்டதுதான் பிழை. உக்கிய இலை மண்ணாவதற்குப் பல மழை பார்க்க வேண்டும். யூரியாவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பசளை போட வசதியுள்ளவர்களும் மூடிய மண்ணில் போட்டால் அதில் கொஞ்சம்தான் மழையோடு போகும்.

நம்மைச் சுற்றியுள்ள பழைய சிங்களக் கிராமங்களின் வளவுகளைப் பாருங்கள். பலா, கமுகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி, மிளகு என்று அடுக்கடுக்காக நிற்கும். விழுந்த இலை விழுந்த இடத்திலேயே கிடக்கும். கண்டி வீட்டுத் தோட்டம் என்று உலகத்து ஆராய்ச்சியாளர்கள் எழுதுவது இந்த வளவுகளைத்தான். அவை தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்தவை. தாத்தா வைத்த பலாவுக்குப் பேரன் சருகு ஒதுக்குகிறான். ஆனால் தோட்டத்தில் லயத்துக் காம்பராவுக்கு முன்னால் நான்கு முழப் பாத்தியில் கீரை போடுகிறவரிடம், எந்த நேரமும் எழுந்து போகச் சொல்லக்கூடிய நிலத்தில், பத்து வருஷம் கழித்துப் பலன் தரும் மண்ணை வளர்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காணி உறுதி கையில் இருந்தால்தான் ஆனைக்கொய்யா நட மனம் வரும்.

தோட்டத்து மக்களுக்கென்று அமைத்த புதிய கிராமங்களில் 7 பேர்ச் காணி கொடுத்தார்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடி. 7 பேர்ச் சுமார் 1,900. இந்திய உதவியில் கட்டிய வீடு 550 சதுர அடி. மலசலகூடத்துக்கும் நடைபாதைக்கும் விட்டது போக, ஒரு தோடை, ஓர் எலுமிச்சை, நான்கு வாழை, மூன்று பாத்திக்கு இடமிருக்கிறது. ஒரு குடும்பத்தின் கீரைக்கும் பிள்ளைகளின் பழத்துக்கும் அது பெரிய உதவி. ஆனால் அந்த இடத்தில் மண் இருக்க வேண்டுமே! பெக்கோ இயந்திரம் வந்து சரிவை வெட்டி மட்டமாக்கும்போது கறுத்த மேல்மண் முழுவதையும் பள்ளத்தில் தள்ளிவிடுகிறார்கள். மிச்சம் கிடப்பது செம்மண் கட்டி. அதில் வைத்த கன்று வருஷக்கணக்கில் அப்படியே நிற்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை நம் மாவட்டத்தில் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். மலை சரிந்து வந்தால் சருகு அதைத் தடுக்காது. ஆபத்தான சரிவிலிருந்து ஆட்களை எடுக்கத்தான் வேண்டும். அப்படி எடுக்கப்படுகிறவர்களுக்கு இனி புது நிலம் வெட்டப்படும். வேலையைக் கொடுக்கும் அதிகாரிகளிடம் கேட்கிறேன்: வெட்டும்போது முதல் ஓர் அடி மேல்மண்ணைத் தனியே குவித்து, இலைதழையால் மூடி வைத்து, வீடு முடிந்ததும் அதே வளவில் திரும்பப் பரப்ப வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அந்த மண் வளவில் பரப்பப்பட்டதைக் கிராம உத்தியோகத்தர் நேரில் பார்த்துக் கையொப்பம் வைத்த பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.