வெம்பிளிக்கு எத்தனை எழுத்து? – பூட்டப்படாத தமிழ்த் தளங்களும் உறங்கும் சங்கங்களும்

வெம்பிளி என்ற சொல்லில் நான்கு எழுத்துகள் உள்ளன என்பதை வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் முதலாம் வகுப்புப் பிள்ளையும் விரல்விட்டுச் சொல்லும். அதே சொல்லைப் பிஎச்பி என்னும் இணைய நிரல்மொழியிடம் கொடுத்து நீளம் என்னவென்று கேட்டால் 24 என்று விடை வரும். பல சங்கத் தளங்களும் கோயில் தளங்களும் பள்ளித் தளங்களும் இயங்கும் வேர்ட்பிரஸ், ஜூம்லா போன்ற மென்பொருட்கள் எழுதப்பட்ட மொழி இதுதான். நான்கிற்கும் இருபத்து நான்கிற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை வெறும் கணக்குப் பிழையென்று சிரித்துவிட்டுப் போக முடியாது. அந்த இடைவெளி வழியாகத் திருடன் வருகின்றான்.

கணக்கு எப்படி வந்தது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருங்குறியில் 'வெ' என்பது வகரமும் கொம்பும் சேர்ந்த இரண்டு குறிகள். 'ம்' என்பது மகரமும் புள்ளியும். 'பி', 'ளி' என்பனவும் அவ்வாறே. ஆக எட்டுக் குறிகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படும். எட்டு மும்மூன்று இருபத்து நான்கு. ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தமது சொந்தப் பக்கத்துக்காக உருவாக்கி 1995 இல் வெளியிட்ட பிஎச்பிக்கு ஓர் எழுத்து என்றால் ஒரு பைட்டு. ஆங்கிலத்துக்கு அது போதும். உலக மொழிகள் அனைத்தையும் இயல்பாகவே கையாளும் பிஎச்பி 6 வரும் என்று ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். 2010 இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2015 இல் நேரடியாக ஏழாம் பதிப்பு வந்தது. ஆறு என்ற எண்ணே இல்லாமற் போயிற்று. பல பைட்டு எழுத்துகளைக் கையாளும் செயற்கூறுகள் தனி நீட்டிப்பாகவே இன்றும் இருக்கின்றன. தமிழுக்காகத் தளம் அமைப்பவர் அவற்றைத் தேடி எடுத்துப் பயன்படுத்த வேண்டும். தேடாதவர் ஆங்கிலக் கத்தரிக்கோலால் தமிழை வெட்டுவார்.

வெட்டினால் என்ன நடக்கும்? தமிழ்க் குறி ஒவ்வொன்றினதும் முதற் பைட்டு 224 என்ற எண். 'எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு வருகின்றன' என்பதே அதன் பொருள். விண்ணப்பப் படிவத்தில் ஒருவர் எழுதிய நீண்ட பெயரை நூறாவது பைட்டில் வெட்டினால் முப்பத்து மூன்று குறிகள் முழுதாக நிற்கும். முப்பத்து நான்காவதின் 224 மட்டும் அநாதையாக எஞ்சும். அதை அடுத்து நிற்பது பெயரை மூடும் மேற்கோட் குறியும் ஒரு கோண அடைப்பும். கவனமற்ற வாசிப்பி ஒன்று அந்த இரண்டையும் எழுத்தின் மீதிப் பாகமென்று எண்ணி விழுங்கிவிடும். மேற்கோள் மூடப்படாமலே போகின்றது. அடுத்த பெட்டியில் எவன் எதை எழுதினானோ, அது பெயராக இராமல் கட்டளையாக மாறும் நிலை பிறக்கின்றது.

கற்பனையன்று இது. பிஎச்பியின் யுடிஎஃப்8-டிகோட் என்ற செயற்கூற்றிலேயே இந்த ஓட்டை இருந்தது. முறைகெட்ட பைட்டுத் தொடர்களையும், ஒரு பைட்டில் எழுத வேண்டிய குறியை வேண்டுமென்றே இரண்டு பைட்டுகளாக நீட்டி எழுதும் மாறுவேடத்தையும் அது சோதனையின்றி ஏற்றுக்கொண்டது. கோண அடைப்புக்குரிய எண் 60. அதை 192, 188 என்று நீட்டி எழுதினால், 60 ஐத் தேடி நிற்கும் காவலாளி கவனியாது விட்டுவிடுவான். உள்ளே சென்றபின் யுடிஎஃப்8-டிகோட் அதை மீண்டும் கோண அடைப்பாக்கிக் கொடுக்கும். சிவிஇ-2010-3870 என்று பதிவான இக்குறை 2010 டிசம்பரில் வெளிவந்த 5.3.4 பதிப்பில்தான் திருத்தப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் செயற்கூறு தமிழுக்கு ஒருநாளும் உதவியதில்லை. மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் அடங்கிய 256 குறிகள் மட்டுமே அதற்குத் தெரியும். தமிழைக் கொடுத்தால் கேள்விக்குறிகளைத் திருப்பித் தரும். பெயரைப் பார்த்து நம்பி, பயனில்லாத ஒன்றைப் படியெடுத்து ஒட்டி, அதனோடு வந்த ஆபத்தையும் சேர்த்து ஒட்டிக்கொண்ட நிரல்கள் எத்தனையோ. 2022 இல் வெளிவந்த 8.2 பதிப்பில்தான் அது 'இனிப் பயன்படுத்த வேண்டாம்' என்ற பட்டியலில் சேர்ந்தது.

'அது பழங்கதை, இப்போது எல்லாம் சரி' என்போர் 2024 ஏப்ரலை நினைவிற் கொள்ளட்டும். லினக்ஸ் வழங்கிகளின் அடித்தள நூலகமான ஜிலிப்சியில், எழுத்துமுறைகளை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் ஐகான்வ் பகுதியில், 24 ஆண்டுகளாக ஒளிந்திருந்த ஒரு குறை அப்போது வெளிவந்தது. ஒரு குறிப்பிட்ட சீனக் குறியேற்றத்துக்கு மாற்றும்போது ஒதுக்கிய இடத்தைத் தாண்டிச் சில பைட்டுகள் எழுதப்பட்டுவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில பைட்டுகளைப் பிடித்துக்கொண்டே, கோப்பை வாசிக்க மட்டும் வழியிருந்த ஒரு பிஎச்பி தளத்தை முழுமையாகக் கைப்பற்றலாம் என்று அதைக் கண்டறிந்த பிரெஞ்சு ஆய்வாளர் சார்ல்ஸ் ஃபோல் நிரூபித்துக் காட்டினார். வெம்பிளியின் தமிழ்ப் பள்ளி எதுவும் அந்தச் சீனக் குறியேற்றத்தை நாடியிராது. ஆயினும் வழங்கியில் அது கிடந்தது. வீட்டுக்காரர் அறியாத பின்கதவின் பெயர் வந்தவனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இக்குறைக்குத் திருத்தம் உடனேயே வந்தது. கேள்வி, அதை நிறுவியவர் யார் என்பதே. ஈலிங் வீதியை அண்டி வாழும் தமிழரின் கோயில்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் கலைவிழாவுக்கு மண்டபம் பிடிக்க மாதக்கணக்கில் கூட்டம் கூடுகின்றன. தளத்தைப் பராமரிப்பது யார் என்று கேட்டால், 'முன்பு ஒரு தம்பி செய்து தந்தவர், இப்போது கனடாவில்' என்ற விடையே பல இடங்களில் கிடைக்கின்றது. அந்தத் தம்பி மீது குற்றமில்லை. பாமினி எழுத்துருவும் இல்லாத கணினிகளில் தமிழை வரவழைக்கப் பாடுபட்ட தலைமுறை அது. இரவு விழித்து, ஊதியமின்றி உழைத்தது. குற்றம், அந்த உழைப்பைப் பத்திரமாகப் பொறுப்பேற்காத நிர்வாகங்கள் மீது. பிஎச்பி 5.6 இற்கான ஆதரவு 2018 டிசம்பருடனும், 7.4 இற்கானது 2022 நவம்பருடனும் முடிந்துவிட்டன. தமது தளம் எந்தப் பதிப்பில் ஓடுகின்றது என்று சொல்லக்கூடிய செயலாளர் எத்தனை பேர்?

கைவிடப்பட்ட பக்கம் என்ன செய்யும் என்பதற்குப் பிரித்தானியாவே சாட்சி. 2015 ஒக்டோபரில் டோக்டோக் தொலைத்தொடர்பு நிறுவனம் தாக்கப்பட்டது. தாக்குதல் நுழைந்த வாயில், 2009 இல் டிஸ்காலி நிறுவனத்தின் பிரித்தானியப் பிரிவை வாங்கியபோது கூடவே வந்த பழைய வலைப்பக்கங்கள். உள்ளீட்டுப் பெட்டியில் தரவுத்தளக் கட்டளையை எழுத்தாக நுழைக்கும் மிகப் பழைய உத்தியே கையாளப்பட்டது. 156,959 வாடிக்கையாளரின் விபரங்கள் பறிபோயின. தகவல் ஆணையாளர் 2016 இல் 400,000 பவுண் தண்டம் விதித்தார். அவ்வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் ஒருவன் 17 வயதுச் சிறுவன். திறமைக்கு வழிகாட்டுபவர் இல்லாதபோது அது எங்கே போய் முட்டும் என்பதைப் பெற்றோரும் இளையோரும் இதிற் கண்டுகொள்ளலாம்.

தமிழ்ச் சங்கத்திடம் திருட என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்பர். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தைப் பார்க்கட்டும்: பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, வீட்டு முகவரி, தாய் தந்தையின் தொலைபேசி, ஒவ்வாமை விபரம். நினைவேந்தலுக்கு வந்தவர் பட்டியல், நன்கொடை தந்தவர் பட்டியல், ஊரிலுள்ள உறவினரின் பெயர். போரிலிருந்து தப்பி வந்த ஒரு சமூகத்துக்கு அத்தகைய பட்டியலொன்று தவறான கைகளுக்குப் போவது, வேறெவருக்கும் போலச் சில்லறை இழப்பன்று. ஊரில் இருக்கும் தாய்க்கும் தம்பிக்கும் அது என்ன விளைவைத் தரும் என்பதை எண்ணிப் பார்க்காமலே அந்தப் பட்டியல்கள் பழைய வழங்கிகளில் கிடக்கின்றன. 1981 இல் யாழ் பொது நூலகம் எரிந்ததை ஆண்டுதோறும் மேடையில் உருகிப் பேசுவோரில் எத்தனை பேரின் சங்கத் தளத்துக்கு வேறிடத்தில் ஒரு காப்புப் பிரதியாவது இருக்கின்றது?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. தொண்டர் அமைப்பென்று பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்களிப்பதில்லை. மக்களுக்குப் பாதிப்பு நேரக்கூடிய கசிவை அறிந்த 72 மணித்தியாலத்துக்குள் தகவல் ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும். கடவுச்சொல் கனடாவில் இருக்கும்போது 72 மணித்தியாலம் மிகக் குறுகியது.

செய்ய வேண்டியதற்குப் பெரும் பணம் தேவையில்லை. முதலில், தேவையற்ற தரவை அழிக்க வேண்டும். பள்ளியை விட்டுப் பத்தாண்டுக்கு முன் போன பிள்ளையின் பிறந்த திகதி யாருக்கும் வேண்டியதில்லை. இல்லாத தரவை எவனும் திருட முடியாது. கடவுச்சொற்களும் தளப் பெயரின் உரிமையும் தனிமனிதரிடமிருந்து சங்கத்தின் பெயருக்கு மாற வேண்டும். எழுத்துமாற்றிகளும் கைவிட்ட இணைப்புகளும் நீங்க வேண்டும். வெட்டுவதும் எண்ணுவதும் பல பைட்டுச் செயற்கூறுகளாலேயே நடக்க வேண்டும். வந்த எழுத்து முறையான யுடிஎஃப்-8 தானா என்று வாசலிலேயே சோதித்து, இல்லையெனில் மறுக்க வேண்டும். வெட்டுப்பட்ட தமிழ் காரணமாகப் பெயர் வெறுமையாகத் தெரிகின்றதென்று பாதுகாப்புச் செயற்கூற்றையே கழற்றிவிடும் அவசர வைத்தியம் மட்டும் வேண்டாம். இடத்தை விட்டது வெட்டியவன் தவறு, தடுத்தவன் தவறன்று.

இவ்வேலையைச் செய்யக்கூடியவர்கள் வெம்பிளியிலேயே இருக்கின்றார்கள். கணினியியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சங்கங்கள் இதுவரை கொடுத்த பொறுப்பு, விழாவில் ஒலிவாங்கியைச் சரிபார்ப்பதும் படங்காட்டியை இணைப்பதும்தான். தளத்தின் சாவியை இரண்டு இளையோரிடம் எழுத்து மூலம் ஒப்படைத்து, ஆண்டுக்கொரு முறை பதிப்பு, காப்புப் பிரதி, அழித்த தரவு என்ற மூன்றுக்கும் அறிக்கை கேட்கலாம். கணக்கறிக்கை வாசிக்கப்படும் அதே பொதுக்கூட்டத்தில் இதுவும் வாசிக்கப்படட்டும். சந்தா கட்டும் பெற்றோர் எழுந்து கேட்டால் எந்த நிர்வாகமும் மறுக்க முடியாது, இதுவரை கேட்கவில்லை.