அழுக்குத் தண்ணீரும் குடிதண்ணீரும்



‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படம் பற்றி நம் குடும்பக் குழுவில் போன வாரம் பெரிய வாக்குவாதம். ஜியோ பேபி இயக்கி 2021இல் வந்தது. 2023இல் தமிழிலும் எடுத்தார்கள். கடைசியில் மருமகள் சிங்க் தண்ணீரை வீசுவது திமிர் என்றார் ஒருவர். ஏதோ ஆத்திரம் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை.

அந்த வாளி எங்கிருந்து வந்தது? சமையலறை சிங்க் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். கணவன் மறந்தே போகிறான். அடியில் நிறைகிற அழுக்கை அவள்தான் அள்ளிக் கொட்டுகிறாள். டீ கேட்டவர்களுக்குக் கடைசியில் அந்தத் தண்ணீரைத்தான் கிளாஸில் ஊற்றித் தருகிறாள். உங்கள் வீட்டு அழுக்கை இனி நீங்களே பாருங்கள் என்பதுதான் அதன் பொருள்.

“ஆண்பிள்ளைக்குத் தெரியாது, வளர்ப்பு அப்படி” என்று வாதாடுகிறவர்கள் ஓட்டல் காட்சியை மறந்துவிட்டார்கள். வீட்டில் சக்கையை மேஜையிலேயே துப்பி வைக்கிறவன், ஓட்டலில் ஒழுங்காகத் தனித் தட்டில் போடுகிறான். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னதற்கு அவனுக்குக் கோபம் வருகிறது. தெரியாமல் இல்லை, மனைவி இருக்கிறாளே என்ற எண்ணம்.

என்னைக் கேட்டால், வாளியை விடப் பெரிய செயல் அதற்குப் பிறகு வருகிறது. பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியிலிருந்து வந்த தம்பி தண்ணீர் கேட்கிறான். தங்கை எழுந்திருக்கிறாள். இவள் கத்துகிறாள், அவனே எடுத்துக் குடிக்கட்டும் என்று. புருஷன் வீட்டில் கண்ட நோய்க்கு வேர் தன் தாய் வீட்டிலேயே இருப்பதை அந்த நொடியில் பார்த்துவிட்டாள். வேரை விட்டால் என்ன ஆகும்? அந்தக் கணவனின் இரண்டாவது மனைவி அவன் வைத்துப்போன டீ கிளாஸைக் கழுவுவதைப் படமே காட்டிவிடுகிறது.

என்னிடம் படித்த பையன்களுக்கு நினைவிருக்கும். வகுப்பைப் பெருக்க வரிசை எண்படிதான் முறை. உங்கள் முறை வந்தால் நீங்களும் துடைப்பம் எடுத்தீர்கள். யாருக்கும் கௌரவம் குறையவில்லை. பள்ளியில் முடிந்தது வீட்டில் ஏன் முடியாது?

இப்போது உங்கள் பிள்ளைகளும் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று இரவு சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துப்போய்க் கழுவுங்கள். மகனையும் கழுவச் சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன்.