வெளியூர் ஆட்டத்துக்கு நாமும் போகவேண்டும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

வருகிற சனிக்கிழமை கும்பகோணத்துக் கல்லூரி ஒன்றின் மகளிர் கால்பந்து அணி கடலூருக்குச் சென்று ஆடவிருக்கிறது. அந்த அணியின் பதினெட்டுப் பேரில் நால்வர் நம் பள்ளியில் படித்துச் சென்றவர்கள். அவர்களில் ஒருத்தி என் பெரியப்பா மகள். ஆகவே இக்கட்டுரையில் நடுநிலையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்மலர் அச்சேறி உங்கள் கைக்கு வரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். முடிவும் ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். ஆயினும் நான் சொல்ல வந்தது அந்த முடிவைப் பொறுத்தது அன்று.

எதிரணி சாமானிய அணி அன்று. தமிழ்நாட்டில் பெண்கள் கால்பந்தைப் பற்றி எவர் பேசினாலும் கடலூரைச் சொல்லாமல் முடிக்க இயலாது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தக் கடற்கரையைச் சூறையாடிய பின்னர், அங்கே அரசுக் காப்பகத்தில் வளர்ந்த சிறுமியர் பலர் கால்பந்து கற்று மேலே வந்தார்கள். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். நம் மாநிலக் காவல் துறையில் சார்பு ஆய்வாளராகச் சேர்ந்தவர். 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை 2-1 என்ற கணக்கில் வென்று முதன்முதலாகத் தேசியப் பட்டம் பெற்றபோது அவ்வணியில் அவரும் இருந்தார். மணிப்பூரை வெல்வதென்றால் லேசா? அதற்கு முன் நடந்த தேசியப் போட்டிகளில் பெரும்பாலானவற்றில் பட்டம் வாங்கியவர்கள் அவர்கள்தாம். அப்படிப்பட்ட வீராங்கனைகளைப் பார்த்து வளர்ந்த பெண்களை, அவர்களுடைய ஊரிலேயே சந்திக்கப் போகிறார்கள் நம் அக்காமார்.

நம் பக்கத்திலோ கால்பந்து குறைவு. கபடி என்றால் திருப்பனந்தாளைச் சுற்றி எந்தக் கிராமத்திலும் ஆள் கிடைக்கும். கால்பந்துக்கு இடமும் இல்லை, பந்தும் இல்லை. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு தை, மாசியில்தான் எங்கள் அக்கா பந்து உதைக்கத் தொடங்குவாள். அறுத்த தாள் பாதத்தைக் குத்தும். அதனாலோ என்னவோ, பந்தைக் காலில் வைத்துக்கொண்டிராமல் சட்டென்று அடுத்தவருக்குத் தட்டிவிடும் பழக்கம் அவளுக்கு வந்தது. இன்று கல்லூரி அணியில் நடுவரிசையில் அவளை ஆடவிடுவதற்கு அதுவே காரணம் என்று சொல்கிறாள்.

என் கவலை எதிரணியின் திறமையைப் பற்றியது மட்டுமன்று. கடலூரில் அவர்களுக்குக் கைதட்ட ஊரே வரும். நம்மவர்களோ விடியுமுன் வேனில் ஏறி, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, சேத்தியாத்தோப்பு, வடலூர் வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் குலுங்கிக்கொண்டு போய் இறங்குவார்கள். அங்கே அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஓர் ஆசிரியையும் ஓட்டுநரும் இருப்பார்கள். ஓட்டுநர் பெரும்பாலும் வேனிலேயே தூங்கிவிடுவார்!

"பந்தை உதைப்பவர்கள் போனால் போதாதா? வேடிக்கை பார்க்க நீ எதற்கு?" என்று என் தாயார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை தேடியபோது ஒரு வியப்பான செய்தி அகப்பட்டது. 2020 மே மாதம் கொரோனா நோயின் நடுவே ஜெர்மனியில் கால்பந்துப் போட்டிகள் மறுபடி தொடங்கின. பார்வையாளர் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அதே மைதானங்கள், அதே அணிகள். ஆனால் சொந்த ஊரில் ஆடிய அணிகள் முன்போல் வெல்லவில்லை. வெளியூர் அணிகளுக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. நடுவரும் மனிதர்தானே! ஆயிரம் தொண்டைகள் ஒரே நேரத்தில் கத்தினால் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. ஆகவே வேடிக்கை பார்ப்பவர்கள் சும்மா இருப்பவர்கள் அல்லர் என்பது என் தாழ்மையான கருத்து.

கூட்டத்தின் குரலுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை உருகுவே நாட்டு அணித்தலைவர் ஒப்துலியோ வரேலா நன்கு அறிந்திருந்தார். 1950 ஜூலை 16 அன்று ரியோ நகரின் மரக்கானா மைதானத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் கூடியிருந்தனர். ஆட்டம் சமமாக முடிந்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. இடைவேளை முடிந்த உடனே பிரேசில் கோல் போட்டுவிட்டது. மைதானமே அதிர்ந்தது. வரேலா என்ன செய்தார் தெரியுமா? பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல் நடந்து சென்று, அது ஆஃப்சைடு என்று ஆங்கிலேய நடுவரிடம் வழக்காடினார். பேச்சு புரியவில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றுகூடக் கேட்டாராம். நடுவர் கோலை மாற்றமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது கூட்டம் ஓய்வது ஒன்றுதான். அது ஓய்ந்தது. பிறகு உருகுவே இரண்டு கோல் போட்டு 2-1 என்று வென்றது. இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். "கடலூரில் நான் அப்படிச் செய்தால் மஞ்சள் அட்டைதான் கிடைக்கும்" என்று சிரித்தாள்.

ஆதரவாளர் இல்லாமலே வென்றவர்கள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நம் இந்திய மகளிர் அணி அதைத்தான் செய்தது. அதுவரை நடந்த ஆட்டங்களில் இரு அணிகளும் ஒரே புள்ளிகள். ஒரு கோலும் வாங்காமல் ஆளுக்கு 22 கோல் போட்டிருந்தன. உலகத் தரவரிசையில் தாய்லாந்து 46, நாம் 70. மைதானமும் அவர்களுடையது. வங்காளத்தைச் சேர்ந்த சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் போட, 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றோம். தகுதிச் சுற்றில் வென்று இந்தியப் பெண்கள் அங்கே சென்றது அதுவே முதல் முறை. அன்று அவர்கள் தனியாக வென்றார்கள் என்பது அவர்களுடைய பெருமை. அதைக் காட்டி நாம் வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வது எந்த ஊர் நியாயம்?

பெற்றோர்களே, உங்கள் தயக்கத்தின் உண்மைக் காரணம் வேறு என்பதை நான் அறிவேன். மயிலாடுதுறையில் இரவுக் கபடி என்றால் எங்கள் தெருப் பையன்கள் வண்டி பிடித்துப் போய் விடிகாலையில் திரும்புகிறார்கள். எவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெண் பிள்ளை பகலில் நடக்கும் ஆட்டத்துக்கு, ஆசிரியையுடன், போய்வருகிறேன் என்றால் பாட்டி முதல் பக்கத்து வீட்டு மாமி வரை கூடிவிடுகிறார்கள். இது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. ஈரான் நாட்டில் பல ஆண்டுகளாகப் பெண்கள் ஆண்களின் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க மைதானத்துக்குள் விடப்படவில்லை. 2019 அக்டோபர் 10 அன்றுதான் கம்போடியாவுடன் நடந்த ஆட்டத்துக்கு அவர்களுக்கெனச் சீட்டு விற்கப்பட்டது. அன்று ஈரான் 14 கோல் போட்டது! நம்மைத் தடுக்கச் சட்டம் ஒன்றும் இல்லை. அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நம் பள்ளி அணியோ, பழைய மாணவியர் ஆடும் அணியோ வெளியூர் போகும்போது, வண்டியில் ஆறு இடமாவது பார்வையாளருக்கு ஒதுக்கவேண்டும். ஒரு சிஸ்டர் உடன் வரட்டும். தேர்வு நெருங்கும் மாதங்களில் வேண்டாம்; அதை நானே ஒப்புக்கொள்கிறேன். எலுமிச்சைச் சாதமும் குடிதண்ணீரும் நாங்களே கொண்டுவருவோம். தோற்றுத் திரும்பும் வண்டியில் யாரும் பேசமாட்டார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் பாட்டுப் பாட, விளையாடிக் களைக்காத ஆறு பேர் இருந்தால் தீங்கென்ன?

இந்தச் சனிக்கிழமைக்கு எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இரண்டு நாள் பேசிய பிறகு அப்பா கையெழுத்திட்டார். அம்மா இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. என்னுடன் என் வகுப்புத் தோழியர் இருவர் வருகிறார்கள். நான் எதிர்பார்ப்பது இது. முதல் இருபது நிமிடம் கடலூர் அலை அலையாக வரும். அப்போது நம்மவர்கள் கோல் வாங்காமல் தாக்குப்பிடிக்கவேண்டும். பந்தை எறிய வாய்ப்பு வரும்போதெல்லாம் ஓடாமல் நடந்து சென்று எடுக்கவேண்டும். ஆனால் எழுபது நிமிடத்துக்கு மேலும் பின்னாலேயே நின்றால் கட்டாயம் ஒன்று உள்ளே போகும். துணிந்து முன்னேறத்தான் வேண்டும். கோல்கீப்பர் அக்கா உயரம் குறைவு. கார்னர் பந்துகளை நினைத்தால் எனக்குப் பயம்தான்.

என் கணிப்பையும் எழுதிவைத்துவிடுகிறேன்: கும்பகோணம் 2, கடலூர் 1. கடைசிக் கோல் பெரியப்பா மகளுடையது. பலிக்கவில்லையென்றால், இம்மலர் வெளிவந்ததும் காலைக் கூட்டத்தில் நீங்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.