சித்தப்பாவின் கையை ஆற்றியது அருவி அல்ல

என் சித்தப்பா கொத்தனார். வீடு தென்காசியில்; வேலை புனலூர், கொல்லம் பக்கம். ஆனி பிறந்து கேரளத்தில் மழை பிடித்துவிட்டால் கட்டட வேலை நின்றுபோகும், செங்கோட்டை வழியாக ஊர் வந்து சேர்வார். அப்போது அவர் கையைப் பார்க்கச் சகிக்காது. உள்ளங்கை தடித்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாகச் சதை தெரியும். ரசச் சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார். சரியாக அந்த நேரத்தில்தான் இங்கே சாரலும் தொடங்கியிருக்கும். தினமும் விடியற்காலை குற்றாலம் ஐந்தருவிக்குப் போவார். மூன்று வாரத்தில் கை ஆறிவிடும். "பாத்தியாடே, மேல இருக்க மூலிகையெல்லாம் தொட்டுட்டுல்லா தண்ணி வருது" என்று விரித்துக் காட்டுவார். ஆவணியில் வேலைக்குத் திரும்புவார். புரட்டாசி முடிவதற்குள் கை பழையபடி ஆகிவிடும்.

இப்படியே இருபது வருடம் ஓடியது. ஆறிய பெயரெல்லாம் அருவிக்குப் போனது. திரும்பி வந்த பழி மட்டும் அவர் தின்ற கருவாட்டின் மேல் விழுந்தது.

சிமெண்டில் குரோமியம் உப்பு கலந்திருக்கிறது. ஈரச் சிமெண்டைத் தொட்டுத் தொட்டு அது சிலருக்கு ஒவ்வாமையாகிவிடும். ஒருமுறை உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொண்டால் பிறகு மறப்பதில்லை. டென்மார்க் 1983-லேயே சிமெண்டில் இரும்பு சல்ஃபேட் கலக்கச் செய்து இந்தக் குரோமியத்தை முடக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டாயமாக்கியது. சித்தப்பாவின் கையை ஆற்றியது சிமெண்டைத் தொடாத அந்த மூன்று வாரம். வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஆறியிருக்கும். "லீவு நாளில் குறைகிறதா?" என்று தோல் மருத்துவர்கள் முதலிலேயே கேட்பது இதற்காகத்தான்.

"குற்றாலத் தண்ணி பட்டால் கரப்பான் போகும்" என்கிறோம். எந்தக் கரப்பான்? கொத்தனார் கையில் வருவதும், கவரிங் கம்மலின் நிக்கல் பட்டுக் காது மடலில் நீர் வடிவதும், தலைச்சாயம் பூசிய மறுநாள் முகம் வீங்குவதும் தொடு ஒவ்வாமையால் வருபவை. கைக்குழந்தைக்குக் கன்னத்தில் தொடங்கி, வளர வளர முழங்கை மடிப்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இறங்குவது வேறு. அது பரம்பரையில் வருவது. தோலின் மேலடுக்கைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் இருக்கும் பழுது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நாள் முழுக்க நின்று வேலை செய்பவரின் கெண்டைக்காலில், நரம்பு புடைத்து, தோல் கறுத்து, கணுக்காலருகே அரிப்பது இரத்தம் மேலேறாமல் தேங்குவதால் வருவது. காசு காசாக வட்டமாக வருவது ஒன்று உண்டு. படை என்று நினைத்து ஏமாறுவோம். பொடுகின் முற்றிய வடிவம் ஒன்று. உள்ளங்கையில் ஜவ்வரிசி போலக் கொப்புளம் கட்டுவது இன்னொன்று. இத்தனைக்கும் ஒரே தண்ணீர் எப்படி மருந்தாகும்?

மூலிகைக்கு வருவோம். சேங்கொட்டையும் மூலிகைதான். சித்த மருத்துவத்தில் சுத்தி செய்துதான் அதைத் தொடுவார்கள். அதன் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். துணியில் குறியிட அதைப் பயன்படுத்திய சலவைத் தொழிலாளருக்கும், அந்தத் துணியை உடுத்தியவருக்கும் புண் வந்ததுண்டு. வயற்காட்டுப் பார்த்தீனியமும் செடிதான்; அதன் தூசி பட்டு முகமும் கழுத்தும் தடித்துப்போன விவசாயிகள் நாடெங்கும் இருக்கிறார்கள். செடி என்பதாலேயே எதுவும் மருந்தாகாது. மருந்துக்கு அளவு உண்டு, பக்குவம் உண்டு. சீசனில் சிற்றாறாகப் பெருக்கெடுத்துக் கொட்டும் மழைத்தண்ணீரில் எந்த இலையின் சாறு எந்த அளவில் இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

சென்ற சாரலில் பேரருவி பெண்கள் பகுதிக்கு வெளியே நான் கண்டதைச் சொல்கிறேன். நாலு வயதுப் பெண் குழந்தை. முழங்கை மடிப்பு இரண்டும் கீறிக் கீறி நீர் வடிந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறையாகக் குளிக்க வைத்து, துவட்டாமல், ஈரப் பாவாடையோடு காற்றில் நிறுத்தியிருந்தார்கள். தண்ணீர் பட்டபோது அடங்கிய நமைச்சல், காயக் காயத் திரும்பிவிட்டது. பிள்ளை கையைக் கல்தூணில் தேய்த்தது. "டாக்டர் குடுத்த களிம்ப நிறுத்திட்டுதாம்மா கூட்டிட்டு வந்தோம். களிம்பு போட்டா உள்ள அமுங்கி ஆஸ்துமா ஆயிரும்லா" என்றார் பாட்டி.

அந்தப் பாட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை. "தோல் நோய் தீர்க்கும் அருவி" என்று எழுதியும் பேசியும் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினவர்கள் மேல்தான் கோபம். இந்தக் கரப்பான் உள்ள பிள்ளைகளில் சிலருக்குப் பின்னால் ஆஸ்துமா வருவது உண்மை. இரண்டும் ஒரே ஒவ்வாமைக் கூறிலிருந்து வருபவை. களிம்பு அமுக்கியதால் எதுவும் உள்ளே போவதில்லை. வெடித்த தோலில் கிருமி ஏறினால்தான் ஆபத்து. ஈரம் காய்வதற்குள் எண்ணெய்ப் பசையைத் தடவிப் பூட்ட வேண்டிய தோலை, மணிக்கணக்கில் நனைத்துக் காற்றில் காயவிடுவது இருக்கிற கொஞ்ச நஞ்சக் காப்பையும் உரித்துவிடும். போதாததற்கு, அருவிக்கரையில் புண்ணின் மேல் தேய்த்துவிடும் பெயர் தெரியாத மசாஜ் எண்ணெய் வேறு.

தோல் நோய் தீரச் சங்கரன்கோவிலில் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு கும்பிடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். வேண்டுதல் அவரவர் மனசு. நீர் வடிகிற புண்ணில் அதே மண்ணைக் குழைத்துப் பூசினால் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

எது ஒவ்வவில்லை என்று பார்க்க, சித்தப்பாவின் முதுகில் ஒரு மருத்துவர் சந்தேகப் பொருள்களை வைத்த சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்தார். பிரித்தபோது குரோமியம் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அதன்பின் அவர் சாந்து குழைப்பதை விட்டு மேஸ்திரியாகிவிட்டார். கொத்துக்கரண்டி பிடிக்க நேர்ந்தால் உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் உறை. போன ஐப்பசியில் அவர் கையால் பிசைந்த ரசச் சோற்றை என் மகள் வாங்கிச் சாப்பிட்டாள். சாரலுக்கு இன்னும் ஐந்தருவிக்குப் போகிறார். கரையேறியதும் துண்டால் ஒற்றிவிட்டு, பையிலிருந்து வாசலின் டப்பாவை எடுத்து, கை காய்வதற்குள் விரல் விரலாகத் தடவிக்கொள்கிறார்.